வனவிலங்கு படிக்க எந்தக் கம்பஸ்?

முல்லைத்தீவில் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் தங்கச்சி கேட்டிருக்கிறார்: மருத்துவம் வேண்டாம், காட்டு விலங்குகளோடு வேலை செய்ய எங்கே படிக்கலாம்?

நானும் வன்னிதான், கிளிநொச்சிப் பக்கம். விலங்கியல் படித்தவன். பட்டத்தின் பெயரில் 'வனசீவராசி' என்று இருக்கிறதா எனத் தேடிக் களைக்க வேண்டாம். வழமையான பாதை, உயிரியல் விஞ்ஞானத்துக்குள் போய் அங்கே விலங்கியலில் நாலு வருடச் சிறப்புப் பட்டம் எடுப்பது. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, கிழக்கு எல்லாவற்றிலும் விலங்கியல் உண்டு. வீட்டுக்குக் கிட்ட என்றால் வவுனியாப் பல்கலைக்கழகம்; பம்பைமடுவில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம்.

நான் பெயரைப் பார்த்து ஒரு கம்பஸுக்குப் போனேன். எது என்று சொல்லப் போவதில்லை. கடைசி வருட ஆய்வு முழுக்க மீன்தொட்டிக்கு முன்னால்தான் போனது. வேலைக்கு வந்த முதல் கிழமை, ஒரு குளக்கட்டில் ஈரமண்ணில் யானைத் தடம். கூட வந்த ஐயா, படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, ஒரு கயிற்றைத் தடத்தின் விளிம்போடு சுற்றி, அதன் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு எடுத்து, நிலத்தில் இருந்து மேலே பிடித்துக் காட்டினார்: "தோள் இந்த உயரம் வரும்." முன்கால் தடத்தின் சுற்றளவில் இரண்டு மடங்குதான் தோள் உயரம் என்பது எனக்கும் பாடம்தான். ஆனால் எது முன்கால் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றேன். முன்கால் தடம் வட்டமாக இருக்கும், பின்கால் நீள்வட்டம். அதையும் அவர்தான் காட்டினார்.

ஆகவே கம்பஸைத் தெரிவுசெய்யும்போது அங்கே இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்றைக் கேளுங்கள்: போன வருடம் இறுதி ஆய்வை யார் யார் எங்கே செய்தார்கள்? விரிவுரையாளரிடம் கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார். யாழ்ப்பாணத்துக்குப் போனால் சுண்டிக்குளம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2015இல் தேசியப் பூங்காவாகிய இடம், பூநாரை வரும். மன்னார் வங்காலையோ 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலிட்ட ஈரநிலம். பறவையில் ஆசை என்றால் தெற்குக்கு ஓட வேண்டியதில்லை. யானை, சிறுத்தை என்றால் பேராதனையோ கொழும்போ யோசிக்கலாம்.

வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு படிப்புக்குள் போகத் தேவையான குறைந்த இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றோடு வரும் தரப்படுத்திய புள்ளி), பார்க்கும்போது கொழும்புப் பிள்ளைகளின் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 55 வீத இடங்கள் மாவட்ட அடிப்படையில் போகின்றன. முல்லைத்தீவுக்கு உரிய வரிசையை மட்டும் பாருங்கள்.

அப்புறம் சிங்களம். விரிவுரை ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் வனசீவராசிகள் திணைக்களத்தில் வேலைக்குப் போனால், கூட வரும் உத்தியோகத்தர் பலர் சிங்களத்தில்தான் பேசுவார்கள். இந்த இடைவெளியில் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

பெறுபேறு வந்ததும் இசட் புள்ளியை இங்கே போடுங்கள், விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.