நந்தியாவட்டையில் நீலக் கண்களோடு ஒரு புழு

கேள்வி: எங்கள் வீட்டு நந்தியாவட்டைச் செடியில் விரல் பருமனுள்ள பச்சைப் புழுக்கள் இலைகளைத் தின்று தீர்க்கின்றன. முன்பக்கத்தில் இரண்டு நீலக் கண்களும் வால்புறத்தில் ஒரு கொம்பும் இருக்கின்றன. கொம்பால் கொட்டும், நச்சுப் புழு என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். மருந்து தெளித்துவிடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மருந்து தெளிக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்ப்பது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. அந்தக் கொம்பு சதையால் ஆனது, கொட்டாது, குத்தாது. உடலில் அரிப்பை உண்டாக்கும் ரோமமும் இல்லை. நீலக் கண்கள் என்று நீங்கள் எழுதியிருப்பவையும் கண்களல்ல. அவை மார்புக் கண்டத்தில் அமைந்த புள்ளிகள். யாராவது செடியை அசைத்தால் புழு தன் தலையை உள்ளிழுத்து உடலின் முன்பகுதியை உப்ப வைக்கும். அப்போது அப்புள்ளிகள் விரிந்து, தின்ன வந்த பறவைக்கு ஏதோ பெரிய பிராணி முறைப்பது போன்ற தோற்றத்தைத் தரும்.

தாய்ப்பூச்சி வெளிர்பச்சை நிறத்திலுள்ள சிறு முட்டைகளை இளந்தளிர்களின் மேல் தனித்தனியாக இடுகிறது. பொரிந்து வரும் புழு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும்; மஞ்சள் உடலும், உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்டு மெலிந்த கரிய கொம்பும் கொண்டிருக்கும். நான்கு முறை தோலுரித்து வளரும்போது உடல் பச்சையாகி, பக்கவாட்டில் வெண்கோடும் சிறு புள்ளிகளும் தோன்றுகின்றன. கொம்போ குட்டையாகி, மஞ்சளாக மாறிக் கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. முழு வளர்ச்சியில் ஏழு, எட்டு சென்டிமீட்டர் நீளம் வரும். அரளி, நித்தியகல்யாணி ஆகியவற்றின் இலைகளையும் இது தின்னும். மனிதருக்கும் மாட்டுக்கும் இதயத்தையே நிறுத்தக்கூடிய நஞ்சு அரளியில் இருக்க, அதே இலையைத் தின்று இப்புழு கொழுத்து வளர்வது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. கொம்பு கொட்டாது, அரிக்கும் ரோமமும் இல்லை என்பதால் குழந்தைகள் புழுவைத் தொட்டுப் பார்த்தால் தவறில்லை. பிறகு கையைக் கழுவச் செய்யுங்கள், செடியின் பாலுக்காகவும்தான்.

இரண்டு மூன்று வாரங்களில் ஒருநாள் பச்சைப் புழு பழுப்பு நிறமாக மாறும். பலர் அதை நோய் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது தின்பதை நிறுத்திச் செடியை விட்டு இறங்கப் போகிறது என்பதற்கான அடையாளம். தரையில் உதிர்ந்து கிடக்கும் சருகுகளை மெல்லிய நூலால் இணைத்து, அதற்குள் பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பூச்சி வெளிவரும். பல வீடுகளில் இந்தக் கட்டத்தில் புழுக்கள் அழிந்துவிடுகின்றன. முற்றம் முழுவதும் சிமென்ட் போட்டு, விழுந்த சருகை அன்றாடம் கூட்டி எரித்தால், கூட்டுப்புழுவும் சேர்ந்து எரிந்துபோகும். செடியடியில் ஒரு முழம் அகலத்துக்காவது சருகை விட்டுவையுங்கள். இலையிழந்த நந்தியாவட்டை, மழைக்குப் பின் தானாகவே துளிர்த்துவிடும்.

கேள்வி: ஏற்காட்டில் விளக்கருகே பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு பெரிய பூச்சியைக் கண்டேன். அதே போன்றதைப் புதுச்சேரியிலும் பார்த்தேன். இது மலைக்காட்டுப் பூச்சி இல்லையா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: புதுச்சேரியில் நீங்கள் கண்டது பெரும்பாலும் மேலே சொன்ன அதே அரளிப் பூச்சியாகத்தான் இருக்கும். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் பெயரிட்டு விவரித்த இவ்வினம், ஆப்பிரிக்காவிலிருந்து கோடைகாலத்தில் ஐரோப்பா வரை வலசை செல்லும் அளவுக்கு வலிய பறப்பாற்றல் உடையது. அதனால் மலைக்கும் கடற்கரைக்கும் இடையில் இதற்கு எல்லை கிடையாது. சிறகுகளை விரித்தால் ஒன்பது முதல் பதினொரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சிறகின் மேல் பல்வேறு பச்சைகளும் வெண்மையும் இளஞ்சிவப்பும் பாசி படிந்த பாறையின் மேற்பரப்பைப் போல் கலந்திருப்பதால், பகலில் இலைகளுக்கிடையே அமர்ந்திருக்கும்போது கண்ணுக்குப் புலப்படுவது அரிது.

ஈரமான மலைக்காடுகளில் இதற்கு மிக நெருங்கிய உறவினமொன்று வாழ்கிறது. அதன் நிறம் சற்று இருண்டிருக்கும். முன்சிறகின் நுனியில் ஒரு சிறு வெண்புள்ளி இருப்பதைக் கொண்டு பிரித்தறியலாம். அதன் புழுக்கள், கொய்னா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தின் இலைகளையும் தின்பவை. ஏற்காட்டில் எடுத்த படம் இருந்தால் சிறகு நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று விருத்தாசலம் பக்கத்து எள் வயல்களில் உண்டு. முதுகில் மண்டையோட்டைப் போன்ற குறியுள்ள அப்பூச்சி, தேன்கூட்டுக்குள் நுழைந்து தேனைத் திருடும். பிடித்தால் கீச்சிடவும் செய்யும். அரளிப் பூச்சி திருடுவதில்லை. அந்தி மங்கிய பிறகு சிறகுத் தசைகளை நடுங்கச் செய்து உடலைச் சூடாக்கிக்கொண்டு கிளம்பி, மல்லிகை போன்ற மணமுள்ள பூக்களின் எதிரே அமராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேனைக் குடிக்கும். உங்கள் வாசல் விளக்கை முன்னிரவில் சிறிது நேரம் அணைத்து வைத்துப் பூச்செடியின் பக்கம் நின்றால், அதைப் பறக்கும் நிலையிலேயே பார்க்கலாம்.