உறையும் தவளை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குளிர்காலத்தில் கல்லாக உறைந்து, வசந்தத்தில் எழுந்து தாவும் தவளையைப் பற்றிப் படித்தேன். தவளைக்கு முடிவது நமக்கு ஏன் முடியாது? இறந்தவர்களைத் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கிறார்களே, அவர்கள் என்றாவது எழுவார்களா?

ம.

அன்புள்ள ம.,

அது வட அமெரிக்காவின் காட்டுத்தவளை. உறைந்தபின் மூச்சும் இல்லை, இதயத் துடிப்பும் இல்லை. உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டி. அலாஸ்காவில் இருப்பவை மைனஸ் 16 டிகிரி வரை தாங்கும்.

பனி எங்கே உருவாகிறது என்பதில்தான் சூட்சுமம். தோல் உறையத் தொடங்கிய சில நிமிடங்களில் கல்லீரல் சேமித்து வைத்த கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக உடைத்து ரத்தத்தில் கொட்டுகிறது. நமக்கு அவ்வளவு சர்க்கரை ஏறினால் கோமாதான். செல்களுக்குள் புகுந்த அந்தச் சர்க்கரை அங்குள்ள நீரைப் பிடித்துவைத்துக்கொள்ள, பனி வெளியே மட்டும் படர்கிறது. இளகும்போது முதலில் இதயம் துடிக்கும். கால்கள் அசைவதெல்லாம் அப்புறம்தான்.

தவளை சில கிராம் எடைதான். நம் உடலில் தோலும் மூளையும் ஒரே வேகத்தில் குளிராது, இளகவும் இளகாது. செல்களைக் காக்கும் மருந்தை எல்லாத் திசுக்களுக்கும் போதுமான அளவு ஏற்றினால் அதுவே நஞ்சாகிவிடும். தவிர, தவளை உயிரோடு உறைகிறது. நைட்ரஜன் தொட்டிக்குப் போகிறவர் ஏற்கெனவே இறந்தவர். 1967இல் முதல் மனிதரை அப்படி வைத்தார்கள். இன்றுவரை யாரும் எழவில்லை. என்னைக் கேட்டால் அது நம்பிக்கை, மருத்துவம் அல்ல.

பயன் வேறு பக்கம் இருக்கிறது. தானமாகப் பெற்ற இதயத்தை ஐஸில் வைத்தால் சுமார் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். கல்லீரலுக்குக் கொஞ்சம் கூடுதல். 2019இல் ஹார்வர்ட் குழு ஒன்று மனிதக் கல்லீரலை மைனஸ் 4 டிகிரியில் உறையவிடாமல் வைத்து, உடலுக்கு வெளியே அது தாங்கும் நேரத்தை 27 மணி நேரம் கூட்டியது. பயன்படுத்திய பொருள்களில் தவளையின் குளுக்கோஸுக்கு நெருங்கிய சர்க்கரை ஒன்று உண்டு, கிளிசராலும் உண்டு. கிளிசரால் பல பூச்சிகள் குளிரைத் தாங்கத் தம் உடலிலேயே தயாரிப்பது. ஆனால் 1949இல் விந்தணுவை உறையவைத்து மீட்க அது உதவும் என்று தெரியவந்தது பூச்சியைப் பார்த்து அல்ல, ஆய்வகத்தில் பாட்டில் மாறிப்போனதால்!

உறையவைப்பதைவிட இளக்குவதுதான் பெரிய தலைவலி. ஒரு பக்கம் முந்திக்கொண்டால் உறுப்பு விரிசல் விடும். 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகங்களைப் பனிப்படிகம் உருவாகாதபடி குளிர்வித்துக் கண்ணாடிபோல இறுக்கி, 100 நாள் வரை வைத்திருந்தார்கள். பிறகு உள்ளே செலுத்திய இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் காந்தப்புலத்தால் சூடாக்கி, எல்லாப் பக்கமும் ஒரே சீராக இளக்கி, வேறு எலிகளுக்குப் பொருத்தினார்கள். அவை வேலை செய்தன. மனிதச் சிறுநீரகம் அதைவிடப் பல மடங்கு பெரிது. அடுத்த சிக்கல் அதுதான்.