பாலியேட்டிவ் குழு வந்தால் பழைய டாக்டரை விட்டுவிடணுமா? கேள்வி பதில்

பதில் சொல்பவர், கடலூர் வட்டாரத்தில் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் குழு, அதாவது கடும் நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் குழு ஒன்றின் ஒருங்கிணைப்புச் செவிலியர். கேள்விகள் வந்த வரிசையில் இருக்கின்றன. "எங்கம்மாவுக்கு எத்தனை மில்லிகிராம்" வகைக் கேள்விகளுக்கு இங்கே பதில் இல்லை.

நெல்லிக்குப்பம் வாசகி: சிஸ்டர், அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கீமோ நிறுத்திவிட்டு, "வீட்டிலேயே பாருங்க, பாலியேட்டிவ் டீம் வரும்"னு சொல்லிட்டாங்க. சர்க்கரைக்கு உள்ளூரில் ஒரு டாக்டர், இதயத்துக்குப் பாண்டியில் ஒருத்தர், முட்டிவலிக்கு இன்னொருத்தர். இவங்களை எல்லாம் விட்டுடணுமா?

வேண்டாம். குழு கூடுதலாகத்தான் வருகிறது. ஜிப்மர் சீட்டு அப்படியே இருக்கும், சர்க்கரை டாக்டரும் இருப்பார். நாலு பேர் தனித்தனியாக எழுதியதை மொத்தமாக வைத்துப் பார்க்க இதுவரை ஆள் இல்லை, இனிமேல் இருக்கும். அவ்வளவுதான் மாற்றம்.

முதல் நாள் வந்ததும் ரிப்போர்ட் ஃபைலுக்கு முன்னால் மாத்திரைப் பையைத்தான் கேட்போம். பாதி தீர்ந்த அட்டை, போன வருஷத்து சிரப், லேகியம், கடையில் சீட்டில்லாமல் வாங்கியது எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டச் சொல்வோம். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிப்போம். வண்டவாளம் அங்கேதான் தெரியும். குடும்ப டாக்டர் டோலோ 650, அதாவது 650 மி.கி. பாராசிட்டமால், மூன்று வேளை எழுதியிருப்பார். எலும்பு டாக்டர் அல்ட்ராசெட் மூன்று வேளை எழுதியிருப்பார். அதில் ட்ரமடால் 37.5 மி.கி.யோடு பாராசிட்டமால் 325 மி.கி.யும் உண்டு. கூட்டிப் பாருங்கள், நாளைக்கு 2,925 மி.கி. பாராசிட்டமால். நாற்பது கிலோவுக்கு இளைத்து, ஈரலிலும் கட்டி இருப்பவருக்கு இது அதிகம். ஜிப்மரில் மார்ஃபினும் தொடங்கியிருந்தால், அதே வகை வலி மருந்தான ட்ரமடாலும் கூடவே ஓடவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு டாக்டர்மேலும் தப்பில்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

பிறகு ஒரு நோட்டு. மருந்து, எதற்கு, எந்த வேளை, எழுதியவர் யார், கடைசியாக மாற்றிய தேதி என்று ஐந்து கட்டம். வீட்டில் இந்த ஒரு நோட்டுதான் செல்லும். எந்த டாக்டரிடம் போனாலும் இதைக் கையில் கொண்டுபோங்கள், மாற்றினால் அவர் கையாலேயே இதில் எழுதச் சொல்லுங்கள்.

அதற்கப்புறம் எங்கள் டாக்டர் ஒவ்வொருவரையும் போனில் பிடித்துப் பேசுவார். கொழுப்பு மாத்திரையை விடுவதற்கு இதய டாக்டர்கள் பெரும்பாலும் சம்மதித்துவிடுவார்கள். 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், ஆயுள் ஒரு வருடத்துக்குள் என்று கணித்த 381 பேரைப் பார்த்தார்கள். ஸ்டேட்டின் என்ற அந்தக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு 60 நாளில் சாவு குறிப்பிடும்படி கூடவில்லை. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவருடைய குளோபிடோகிரெல் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரை) வேறு கதை, இதய டாக்டர் வாய் திறக்காமல் அதைத் தொட மாட்டோம். வலிப்பு மாத்திரை, வாரக்கணக்கில் ஓடும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, இதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் மெட்டோப்ரோலால் மூன்றையும் யாரும் திடீரென்று நிறுத்தக்கூடாது.

நியூஜெர்சித் தம்பி, சொந்த ஊர் வில்லியனூர்: இங்கே ஹாஸ்பைஸ் (கடைசிக் காலப் பராமரிப்பு) என்றால் ஃபார்மில் கையெழுத்து வாங்குகிறார்கள், கீமோவை விடச் சொல்கிறார்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அப்படித்தானா?

இல்லை தம்பி. அது மெடிகேர், அதாவது அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டு விதி. ஆயுள் ஆறு மாதம் அல்லது குறைவு என்று ஹாஸ்பைஸ் டாக்டரும் நோயாளியின் டாக்டரும் சான்று தரணும், முதலில் 90 நாளாக இரண்டு தவணை, பிறகு 60 நாள் தவணைகள். அங்கேயும் நோயாளி தன் பழைய டாக்டரையே பொறுப்பு டாக்டராக வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் அந்த ஃபார்மும் இல்லை, ஆறு மாதக் கணக்கும் இல்லை. கீமோ ஓடும்போதே பாலியேட்டிவ் குழுவைக் கூப்பிடலாம். சொல்லப்போனால் அப்போதே கூப்பிடுவதுதான் நல்லது.

ரெட்டிச்சாவடி வாசகர்: எங்க ஊர் தமிழ்நாடு, அஞ்சு நிமிஷம் நடந்தா புதுச்சேரி. எந்த ஊர் டீம் வரும்?

படுத்திருக்கும் வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஆட்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பாலியேட்டிவ் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். புதுச்சேரிப் பக்கம் பாகூரில் மகள் வீட்டுக்கு மாற்றிவிட்டால் அந்தத் திட்டம் எல்லையைத் தாண்டி வராது, அங்கே உள்ள சுகாதார நிலையத்தில் சொல்லணும். பத்து நாள் இங்கே பத்து நாள் அங்கே என்று மாற்றும் குடும்பங்களில்தான் மருந்து தவறுகிறது. வீடு மாறும் முன்பே இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அம்மாவுக்கு, குழு மாத்திரையை மாற்றியது தெரியாது. அவர் பாட்டுக்குக் கொடுப்பார், பாட்டி பாட்டுக்கு விழுங்குவார். நோட்டை அவரிடமும் காட்டுங்கள்.

குறிஞ்சிப்பாடி வாசகர்: மார்ஃபினை எங்க ஃபேமிலி டாக்டரே எழுதக்கூடாதா? இல்லேன்னா குழு டாக்டர் வாட்ஸாப்பில் அனுப்பக்கூடாதா?

இரண்டும் நடக்காது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள், ஆனாலும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், பயிற்சி பெற்ற டாக்டர் மூலமாகத்தான் கிடைக்கும். தெருமுனை மெடிக்கலில் தேடாதீர்கள். 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி இந்த வகை மருந்தைப் போனிலோ வீடியோவிலோ எழுதவும் கூடாது. மாத்திரை தீர நாலு நாள் இருக்கும்போதே சொல்லுங்கள். இரண்டு இடத்தில் வாங்கிச் சேர்க்காதீர்கள், மீந்ததை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

குடும்ப டாக்டர் எழுதாவிட்டாலும் அவருக்குத் தெரிந்தாகணும். தெரியாவிட்டால் என்ன ஆகும்? தூக்கம் இல்லை என்று போனால் அல்பிரசோலம் எழுதுவார். மார்ஃபினோடு அது சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். மார்ஃபினால் மலம் இறுகி, ஓரமாகத் தண்ணீர் போலக் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று சொல்லிக் கேட்டால் பேதியை நிறுத்தும் லோபராமைடு வரும், அடைப்பு முற்றிவிடும். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும், பிஸாகோடைலோ சென்னாவோ, தொடங்கணும். "நல்லாத்தானே போகுது" என்று அதை நிறுத்தாதீர்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கும், ஆகவே சிறுநீரக டாக்டர் சீட்டில் கடைசி கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று முதலிலேயே சொல்லுங்கள்.

விருத்தாசலம் பொது மருத்துவர்: நான் இருபது வருடமாகப் பார்க்கும் நோயாளி. ஒரு குழு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறது. இப்போது சர்க்கரை 260. இது முறையா சிஸ்டர்?

உங்களைக் கேட்காமல் நிறுத்தியது முறையில்லை சார், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் 260 இந்தக் கட்டத்தில் பயப்படுகிற அளவு இல்லை. கடைசிக் காலத்தில் 110-க்குக் கீழே இறங்காமல், 270-க்கு மேல் ஏறாமல் இருந்தால் போதும் என்றுதான் வைத்துக்கொள்கிறோம். இரண்டு இட்லி சாப்பிட்டவர் இரண்டு கரண்டி கஞ்சிக்கு வந்துவிட்டார், மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே ஓடுகிறது. கிளிமிபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும், சிறுநீரகம் தளர்ந்தால் இன்னும் நீளும். விடியற்காலை வேர்த்துக் கொட்டி நினைவு தப்பினால், "முடியப்போகுது" என்று உறவுக்காரர்களுக்குப் போன் போகிறது. குளூக்கோமீட்டர் வைத்தால் 42. இப்படி மயங்கினால் முதலில் விரலில் குத்திப் பார்க்கணும்.

அதே மருத்துவர்: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியே விட்டால் 500-க்கு ஏறி, வறண்டு, குழம்பிப் போவார்களே? அதுவும் கொடுமைதான்.

சரிதான் சார். அதனால்தான் விட்டுவிடச் சொல்லவில்லை. தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தொந்தரவு தெரிந்தால் நாளுக்கு ஒருமுறை போடும் நீண்ட நேர இன்சுலின் குறைந்த அளவில் போதும், அளவைச் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 என்றால் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது.

பண்ருட்டி மருந்தாளுநர்: பேசுங்க பேசுங்கன்னு சொல்றீங்க. எந்த டாக்டர் போன் எடுக்கிறார்? எங்க கடையில் நின்னு குழு சிஸ்டருங்க நாலு தடவை அடிப்பாங்க, அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

விருத்தாசலம் மருத்துவர்: ஓபியில் எண்பது பேர் நிற்கும்போது எப்படி எடுப்பது? அதுவும் "சார், அந்த முருகேசன் ஐயா..." என்று தொடங்கினால் எந்த முருகேசன்? வாட்ஸாப்பில் எழுதி அனுப்பட்டும், ராத்திரிக்குள் பதில் போடுகிறேன்.

சண்டையை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளலாம். அஞ்சு வரி போதும். முதல் வரி பெயர், வயது, ஊர், நோய். இரண்டாவது, இன்று எவ்வளவு சாப்பிட்டார், எழுந்து நடக்கிறாரா. மூன்றாவது, எந்த மருந்தை மாற்ற நினைக்கிறோம், ஏன். நாலாவது, ஆம் இல்லை என்று பதில் சொல்லும்படி ஒரே கேள்வி. அஞ்சாவது, நாளைக் காலைக்குள் பதில் வராவிட்டால் நாங்கள் செய்யப்போவது. அந்த அஞ்சாவது வரிக்கு எந்த பிசியான டாக்டரும் பதில் போடுவார். வந்த பதிலை நோட்டில் தேதியோடு ஏற்றிவிடணும். வாட்ஸாப்பில் மட்டும் கிடந்தால் அடுத்த வாரம் வரும் சிஸ்டருக்குத் தெரியாது.

காட்டுமன்னார்கோயில் வாசகர்: ஒரு வாரமா சாப்பாடு இறங்கலை. உள்ளூர் டாக்டர் வீட்டுக்கு வந்து குளுக்கோஸ் ஏத்தறேங்கிறார், குழு வேண்டாங்குது. யார் பேச்சைக் கேக்கறது?

500 மில்லி 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிகூடத் தேறாது. அதைச் சாப்பாடு என்று நினைக்காதீர்கள். வாந்தி, பேதியால் வறண்டவருக்கு நீர் ஏற்றுவதில் பலன் உண்டு, தோலுக்கு அடியிலேயே மெதுவாகவும் ஏற்றலாம். உடல் மொத்தமாக அடங்கும் நேரத்தில் ஏற்றினால் அது காலில் வீங்கும், நெஞ்சில் கரகரக்கும். இவர் எந்த நிலை என்பதை இரண்டு டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். உங்களை நடுவில் நிறுத்திப் பஞ்சாயத்து பண்ண விடாதீர்கள்.

பரங்கிப்பேட்டை வாசகி: டிரிப் ஏத்தலாமா சிஸ்டர்?

இப்போதுதான் எழுதினேன், மேலே.

நெய்வேலி வாசகர்: வீட்டில் பார்ப்பது என்று முடிவானால் ஆஸ்பத்திரிக்கே போகக்கூடாதா?

யார் சொன்னது? புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகு வலித்து, கால் பலம் குறைந்து, சிறுநீர் அடைபட்டால் அன்றைக்கே கிளம்பணும். தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம். நடை நின்றபின் போனால் திரும்ப வருவது அபூர்வம். ஒரே இடத்து எலும்பு வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கதிர்வீச்சு ஒரே தடவை கொடுத்தாலே பலருக்கு வலி தணியும், அதைக் கொடுப்பதும் புற்றுநோய் டாக்டர்தான். இதற்காகவே ஜிப்மர் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன்.

லாஸ்பேட்டை வாசகர்: மாமனாருக்கு நெஞ்சில் ஐசிடி (இதயம் தடுமாறினால் ஷாக் கொடுக்கும் கருவி) வைத்திருக்கிறது. குழுவிடம் சொல்லணுமா?

கட்டாயம். கடைசி நேரத்தில் இதயம் தடுமாறும்போது அது ஷாக் கொடுக்கும், நினைவோடு இருப்பவருக்குப் பெரிய வேதனை. ஷாக்கை மட்டும் அணைக்க முடியும், இதய டாக்டர் புரோகிராமர் என்ற கருவியை வெளியே வைத்துச் செய்வார். நடமாடும் நிலையில் இருக்கும்போதே அவரிடம் பேசிவிடுங்கள். சாதாரண பேஸ்மேக்கர் ஷாக் கொடுக்காது, அதைத் தொடவேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: வீட்டிலேயே உயிர் போனால் சர்டிபிகேட் யார் தருவது? போலீஸ், போஸ்ட்மார்ட்டம் வருமா?

எதிர்பார்த்த, நோயால் வந்த இறப்புக்குப் போலீஸ் தேவையில்லை. கடைசி நோயில் பார்த்துவந்த டாக்டர் இறப்புக் காரணச் சான்று தரணும், 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி கட்டணமில்லாமல். வீட்டில் நடந்தால் படிவம் 4ஏ, ஆஸ்பத்திரியில் என்றால் படிவம் 4. இழுபறி எங்கே வருகிறது என்றால், குழு டாக்டர் "ஃபேமிலி டாக்டர் தரட்டும்" என்பார், அவர் "நான் பார்த்து மூணு மாசம் ஆச்சு" என்பார். ராத்திரி இரண்டு மணிக்கு இந்தப் பேச்சு வேண்டாம். யார் எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, பெயரையும் நம்பரையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பதிவு 21 நாளுக்குள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் விஏஓ, நகரத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சி. இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், ஜிப்மரில் நடந்தால் புதுச்சேரிப் பக்கம்தான் அலையணும்.

முத்தியால்பேட்டை வாசகி: வென்டிலேட்டர் வேண்டாம்னு அப்பா இப்பவே எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். இப்படி முன்கூட்டியே எழுதிவைக்க அனுமதித்த தன் 2018 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் எளிதாக்கியது: இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து போதும். நகல் ஒன்று குடும்ப டாக்டரிடம், ஒன்று குழுவிடம்.

சேத்தியாத்தோப்பு வாசகர்: சித்த மருந்தும் கூடவே கொடுக்கலாமா?

சித்த மருத்துவரிடம் கேளுங்கள், நோட்டோடு போய்.

புவனகிரி வாசகர்: நோட்டைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டுமா சிஸ்டர்?

எனக்கு வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வரும் குழுவுக்கு அனுப்புங்கள்.