மருத்துவ உதவியுடன் மரணம் என்றால் என்ன? அதில் ஏன் இவ்வளவு சர்ச்சை?

குணமாகாத நோயால் சாவை நெருங்கியவரோ தாங்க முடியாத வேதனையில் இருப்பவரோ, தெளிந்த மனநிலையில் தானே கேட்டுக்கொண்டால், அவர் உயிர் பிரிய மருத்துவர் உதவலாம் என்பதே இதை அனுமதிக்கும் சட்டங்களின் சாரம். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் இது 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் இறப்பு வரும் என இரண்டு மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும். மருந்தை நோயாளியே உட்கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் 2002 முதல் மருத்துவரே ஊசி போடவும் அனுமதி உண்டு.

வலி தாங்காமல்தான் கேட்கிறார்கள் என்று நினைப்போம். ஒரேகானின் ஆண்டறிக்கைகளில் அதைவிட அதிகம் சொல்லப்படும் காரணம், தன் வாழ்க்கை தன் கையை விட்டுப் போகிறது என்பது. மருந்துச் சீட்டு வாங்கிய பலர் அதைப் பயன்படுத்தாமலே இறந்துபோகிறார்கள். கட்டடத்தில் அவசர வழி இருப்பதைப் போலத்தான்: இருக்கிறது என்று தெரிந்தாலே மனம் கொஞ்சம் அடங்குகிறது.

ஆனால் உள்ளே காற்றும் வெளிச்சமும் இல்லாவிட்டால், அதே வழி ஆட்களை வெளியே தள்ளவும் செய்யும். கனடா 2016இல் சட்டம் கொண்டுவந்து, 2021இல் ‘மரணம் நெருங்கியிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை நீக்கியபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் எழுப்பிய அச்சம் இதுதான். வீடு, பராமரிப்பு, வலிதணிப்புச் சிகிச்சை கிடைக்காதவரின் சம்மதத்தை முழுச் சம்மதமாக என்னால் ஏற்க முடியவில்லை.

செயற்கை சுவாசக் கருவியை அகற்றுவதும் இதுவும் ஒன்றென்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, அங்கே உயிரைக் கொண்டுபோவது நோய், இங்கே மருந்து.