டீச்சர் பதில்கள்: இரண்டு விநாடி மிச்சமிருந்தது (2024 அக்டோபர் இறுதியில் எழுதியது)

காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 வருடம் பி.டி. டீச்சராக இருந்து கபடி சொல்லிக்கொடுத்தவள் நான். மகன் மேரிலாந்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து அமெரிக்கக் கால்பந்தும் எனக்குச் சொந்தமாகிவிட்டது. அதன் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லின் 2024 சீசனில் எட்டாவது வாரத்தைப் பற்றி, அதாவது அமெரிக்க நாட்காட்டியில் அக்டோபர் 24 முதல் 28 வரை நடந்த ஆட்டங்களைப் பற்றி, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். எந்த அணிக்கும் ஓய்வு இல்லாத வாரம் அது. 32 அணிகளும் ஆடின, மொத்தம் 16 ஆட்டம். ஆனால் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆட்டத்தைப் பற்றித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: திங்கட்கிழமை விடியற்காலையில் வாஷிங்டன் ஜெயித்தது வெறும் அதிர்ஷ்டம்தானே டீச்சர்? (வாசகர், தேவகோட்டை)

பார்க்காதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் கமாண்டர்ஸுக்கும் சிகாகோ பேர்ஸுக்கும் ஆட்டம். நம் நேரப்படி ராத்திரி 1.55க்குத் தொடங்கியது. வாஷிங்டனுக்கு ஜேடன் டேனியல்ஸ், சிகாகோவுக்கு கேலப் வில்லியம்ஸ். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் எடுத்துக்கொள்ளும் 2024 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் வில்லியம்ஸ், இரண்டாவது ஆள் டேனியல்ஸ். இரண்டு பேருமே பந்தை வீசும் குவார்ட்டர்பேக். டேனியல்ஸுக்கு அதற்கு முந்தின வாரம்தான் விலாவில் அடி பட்டிருந்தது.

தீபாவளிக்கு மனகோலம் என்ற எங்கள் ஊர்ப் பலகாரம் செய்ய மாவு அரைத்து வைத்துவிட்டு வளவில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் பாயை விரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வாஷிங்டன் நாலு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) அடித்து 12 புள்ளி. தொட்டுவிடும் தூரத்தில் இருந்த சிகாகோ, 25 விநாடி மிச்சமிருக்கும்போது டச்டவுன் போட்டு (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), கூடுதல் இரண்டு புள்ளியும் எடுத்து 15க்கு 12 என்று முந்திவிட்டது. பையன்களில் ஒருவன் பாயைச் சுருட்டவே ஆரம்பித்துவிட்டான். உட்காரு தம்பி, இன்னும் விசில் ஊதவில்லை என்றேன்.

கடைசியில் இரண்டே விநாடி. டேனியல்ஸ் பந்தை வாங்கி இங்கே ஓடுகிறார், அங்கே ஓடுகிறார், பன்னிரண்டு விநாடிக்கு மேல் யார் கையிலும் சிக்காமல் சுற்றுகிறார். (பந்து கைக்கு வந்த பிறகு கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாலும் அந்த முயற்சி முடியும்வரை ஆட்டம் உண்டு.) அப்புறம் உயரத் தூக்கி வீசினார். கோட்டுக்கு முன்னால் கூட்டமாகக் குதித்தவர்கள் கையில் பட்டுப் பந்து பின்னால் தெறித்தது. அங்கே தனியாக நின்றிருந்த வாஷிங்டனின் நோவா பிரவுன் பிடித்துக்கொண்டார். 18க்கு 15. கணக்கில் அது 52 கஜ வீச்சு. காற்றில் பறந்தது அதைவிட அதிகம். நம்மூரில் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும் வீடு இருக்கிறதே, முகப்பில் நின்று வீசி அந்தக் கொல்லைக் கதவுப் பக்கம் ஒருவர் கையில் சேர்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து தெறித்த திசை அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின முயற்சியைக் கவனித்தீர்களா? ஆறு விநாடி இருக்கும்போது டேனியல்ஸ் ஓரக்கோட்டுப் பக்கம் தன் அணியின் டெரி மெக்லாரினுக்கு 13 கஜத்துக்கு ஒரு பந்து கொடுத்தார். சிகாகோ தள்ளி நின்று அதை விட்டுக்கொடுத்தது. 65 கஜமாக இருந்த தூரம் அதில்தான் 52 ஆனது. விலா வலியோடு அந்த 65 கஜத் தூரத்திலிருந்து வீசிச் சேர்த்திருக்க முடியுமா? அந்த 13 கஜம் அதிர்ஷ்டம் இல்லை, வேலை.

கேள்வி: இந்த வீச்சை ஏன் 'ஹெயில் மேரி' என்கிறார்கள்? (வாசகி, காரைக்குடி)

நம்மூர்க் கோயிலில் கிறிஸ்தவர்கள் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம்தான் அது. 1975 டிசம்பர் 28 அன்று டல்லாஸ் கவ்பாய்ஸின் ரோஜர் ஸ்டாபக் கடைசி நேரத்தில் மினசோட்டாவுக்கு எதிராக 50 கஜம் வீசி ஜெயித்தார். வீசிவிட்டுக் கண்ணை மூடி அந்த ஜெபத்தைச் சொன்னேன் என்றார். அதிலிருந்து அந்தப் பெயர் ஊரறிய நிலைத்துவிட்டது.

கேள்வி: அந்த ஸ்டீவன்சனை இனிமேல் ஆடவே விடக்கூடாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. சிகாகோவின் தடுப்பாட்டக்காரர் டைரிக் ஸ்டீவன்சன், அந்தக் கடைசிப் பந்து தொடங்கியபோது ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாஷிங்டன் ரசிகர்களைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ஓடிவந்து குதித்தார், பந்தைத் தட்டியவர்களில் அவரும் ஒருவர். உலகமே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டது.

எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. காரணம் சொல்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு மாவட்டப் போட்டி. என் பிள்ளைகள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். கடைசியாகப் பாடி வந்த எதிரணிப் பெண்ணை நடுக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் மடக்கிப் போட்டுவிட்டோம். பிடித்திருந்த என் பிள்ளை ஒருத்தி, ஜெயித்துவிட்டோம் என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிவிட்டாள். பிடி தளர்ந்தது. கீழே கிடந்த பெண் எட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டாள். மேலே விழுந்து பிடித்த மூன்று பேரும் அவுட். தோற்றுவிட்டோம்.

நான் அத்தனை பேர் முன்னாலும் அவளைத் திட்டினேன். மறுவாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், வரவேயில்லை. பிடி போட்டால் இரும்புப் பிடி, அப்படி ஒரு பிள்ளை. அவளைக் கபடியை விட்டு அனுப்பியது அந்தக் கை இல்லை, என் வாய். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

ஸ்டீவன்சனுக்கு இது இரண்டாவது சீசன். செய்தது தப்புதான். அன்றைக்கே ஊருக்கும் அணிக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அவர் ஒருவர் கையைக் காட்டியதை ஆயிரம் தடவை போட்டுக் காட்டுகிறார்கள். 13 கஜத்தை விட்டுக்கொடுத்து அப்படித் தள்ளி நிற்கச் சொன்னவர்களை யாராவது அப்படிக் காட்டினார்களா? பிரவுனை ஏன் தனியாக விட்டார்கள்? கண்டிக்க வேண்டும் என்றால் அறைக்குள் உட்காரவைத்துக் கண்டியுங்கள், ஒரு ஆட்டம் பெஞ்சில் வையுங்கள். அதற்கு அடுத்த ஆட்டத்தில் இறக்கிவிடுங்கள். ஆடவே விடக்கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: களைப்பாக இருக்கிறது என்று சொல்லி ஒரு வீரர் பாதியில் வெளியே போனாராமே? இப்படியும் உண்டா? (வாசகர், கானாடுகாத்தான்)

உண்டு. இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஆன்டனி ரிச்சர்ட்சன், அப்போது வயது 22. ஹூஸ்டன்காரர்கள் துரத்தத் துரத்த ஓடி, மூச்சு வாங்க ஒரே ஒரு முயற்சிக்கு மட்டும் வெளியே போனார். ஆட்டம் முடிந்து கேட்டபோது, களைத்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அவரை உட்காரவைத்துவிட்டு 39 வயது ஜோ ஃப்ளாக்கோதான் இனி ஆடுவார் என்று அறிவித்துவிட்டார்கள்.

அவர் அன்றைக்கு 32 தடவை வீசியதில் 10 தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்காக உட்காரவைத்தால் சரி, ஒத்துக்கொள்கிறேன். களைப்பு என்று சொன்னதற்காக என்றால் அது பெரிய தவறு. பங்குனி வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். ஒருத்தியாவது முன்கூட்டியே சொன்னாளா? சொன்னால் டீச்சர் அணியில் எடுக்கமாட்டார் என்ற பயம்தான் காரணம்.

கேள்வி: ஐந்து விநாடி ஓடுகிறார்கள், அரை நிமிடம் நிற்கிறார்கள். இதில் என்ன விறுவிறுப்பு? (வாசகர், புதுவயல்)

நாலு முயற்சிக்குள் பத்து கஜம் போக வேண்டும், போனால் மறுபடி நாலு. கபடியில் ஒவ்வொரு தடவையும் பாடிப் போய்த் திரும்புகிறோமே, அப்படித்தான் ஒவ்வொரு முயற்சியும். நிற்கும் நேரத்தில் அடுத்தது என்ன என்று நீங்களே ஊகித்துப் பாருங்கள். இரண்டு ஆட்டத்தில் பிடிபட்டுவிடும்.

கேள்வி: என் பேரன் ஹூஸ்டனில் இருக்கிறான். போனில் இந்த ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனோடு பேச எனக்கு எதையாவது சொல்லிக்கொடுங்கள். (ஓர் ஆச்சி, பள்ளத்தூர்)

ஆச்சி, வந்த கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். விதி எல்லாம் அப்புறம் பார்க்கலாம். அவன் ஊர் அணியின் பெயர் டெக்ஸன்ஸ், 2002இல் தொடங்கியது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட். பயிற்சியாளர் டெமிகோ ரையன்ஸ் முன்பு அதே அணியில் ஆடியவர். இந்த வாரம் 23க்கு 20 என்று ஜெயித்தார்கள். ஆனால் ஸ்டெஃபான் டிக்ஸ் என்று அவர்களுடைய நல்ல பிடிப்பாளர் ஒருவருக்கு முழங்காலில் அடிபட்டு, இந்த சீசனே போய்விட்டது. அடுத்த தடவை போன் வரும்போது, "ஏப்பா, அந்த டிக்ஸ் முழங்காலுக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பேரன் போனை வைக்கமாட்டான். இடையில் "இது எத்தனையாவது முயற்சி?" என்று ஒன்று கேட்டால் போதும், மிச்சத்தை அவனே சொல்லிக்கொடுப்பான். தீபாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 5.45க்கு அவர்களுக்கு நியூயார்க் ஜெட்ஸுடன் ஆட்டம். இதழ் உங்கள் கைக்கு வரும்போது முடிந்திருக்கும், முடிவையும் அவனிடமே கேளுங்கள்.

கேள்வி: ஞாயிறு ஆட்டங்கள் இனி எத்தனை மணிக்கு? (வாசகர், கோட்டையூர்)

2024 நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். இரவு 10.30க்குத் தொடங்கிய முதல் கட்ட ஆட்டங்கள் அன்றிலிருந்து நமக்கு 11.30. வாஷிங்டன், நியூயார்க் ஜயன்ட்ஸுடன் ஆடுவது அந்த நேரத்தில்தான். சிகாகோவைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி 2.35 வரை விழித்திருக்க வேண்டும், எதிரணி அரிசோனா. ஃப்ளாக்கோவை வைத்துக் கோல்ட்ஸ் எப்படி ஆடுகிறது என்று பார்ப்பவர்களுக்குத் திங்கள் காலை 6.50, மினசோட்டா வைக்கிங்ஸுடன். ரிச்சர்ட்சன் பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று நான் அன்றைக்குக் கவனித்துக்கொண்டிருப்பேன்.