குக்கரின் மூன்றாவது விசில்

அக்கா, போன சனிக்கிழமை நீங்கள் கோபியிலிருந்து பஸ் ஏறி ஈரோட்டுக்கு வந்து, வேலை ஆலோசனைக்காக என் முன்னால் உட்கார்ந்ததும் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “பொண்ணு வேலைய உடறேங்கறா தம்பி. பொம்மை போடப் போறாளாமா. தனியா இருக்கறதையும் மனசு சரியில்லாததையும் வரைஞ்சு ஊருக்கே காட்டறாளுங்க. இனி நல்ல எடம் வருமுங்களா?” அன்று கூட்டம் இருந்ததால் அரைகுறையாகத்தான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன். இதே கவலையோடு வேறு சில பெற்றோரும் வருவதால், அடையாளங்களை மாற்றி எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன்.

மகள் வரைந்ததை நீங்கள் இன்னும் படிக்கவில்லை. நாத்தனார் போனில் காட்டிய ஒரே ஒரு படம்தான் பார்த்ததாகச் சொன்னீர்கள். அவள் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கும் 12 படக்கதைகளையும் அன்று இரவே நான் படித்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான்கு கட்டங்கள். கோவை சரவணம்பட்டியில் ஓர் அறை, ஷிப்ட் முடிந்து வந்த பெண் சின்னக் குக்கரில் அரிசிம்பருப்பு வைக்கிறாள். இரண்டாவது கட்டத்தில் முதல் விசில்: “சாப்ட்டியா?” மூன்றாவதில் அடுத்த விசில்: “தூங்குனியா?” நான்காவதில் அவள் பாய்ந்து போய் அடுப்பை அணைக்கிறாள். “மூணாவது விசில் வந்தா கல்யாணத்தப் பத்திக் கேக்கும்!” எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், நான்கு கட்டங்களிலும் அலமாரியில் ஒரு டப்பா இருக்கிறது. மூடிக்குக் கீழே வெள்ளைத் துணி, மேலே கோணல் எழுத்தில் ‘பருப்புப் பொடி’. அது நீங்கள் கொடுத்தனுப்பியதுதானே அக்கா? அந்தப் படத்தில் உங்களைக் கேலி செய்யவில்லை. உங்கள் குரல் இல்லாமல் அந்த அறையில் அவளால் இருக்க முடியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் வீடுகளில் வாரப் பத்திரிகை வந்தால் முதலில் ஜோக் பக்கத்தைப் புரட்டுவோம். கோபுலு, மதன் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் அந்தக் காலத் துணுக்குகள் பலவற்றில் மனநல டாக்டரிடம் போகிறவர் என்றாலே கிறுக்கர். சிரிப்பு அவர் தலையில்தான் விழும். உங்கள் மகள் தூக்கம் வராத ராத்திரியை உள்ளே இருந்து வரைகிறாள். அது லேசான வேலை இல்லை. எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று தெரிந்தால்தான் நான்கு கட்டத்தில் ஒரு விஷயத்தை முடிக்க முடியும். விளம்பர நிறுவனம், சிறுவர் புத்தகம், அனிமேஷனுக்கான ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைவது), செயலிகளுக்கான படங்கள், சுகாதார விழிப்புணர்வுப் பிரசுரம் என்று பல இடங்களில் இந்தத் திறமைக்கு வேலை இருக்கிறது.

ஆனால் வேலையை இப்போது விட வேண்டாம். இதில் நான் உங்கள் பக்கம். இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்தாலும் அதற்காக மாதாமாதம் யாரும் சம்பளம் போட மாட்டார்கள். பணம் பெரும்பாலும் வருவது விளம்பர ஒப்பந்தத்திலும், ஆர்டர் எடுத்து வரைவதிலும், டி-ஷர்ட், ஸ்டிக்கர் விற்பதிலும்தான். திருப்பூர் பக்கத்தில் இருப்பது அவளுக்குப் பெரிய வசதி. பிரிண்டிங் போடுகிறவர்களிடம் நேரில் போய்ச் சின்ன அளவில் அடித்துப் பார்க்கலாம். வாரம் ஒரு படக்கதை என்று ஓராண்டு விடாமல் வரையட்டும். 52 சேர்ந்தால் ஒரு புத்தகத்துக்கு ஆகும், வேலைக்கு அனுப்பப் போர்ட்போலியோவும் (படைப்புத் தொகுப்பு) ஆகும். கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். கிருதா (Krita) என்ற, படம் வரையும் மென்பொருள் இலவசம்.

இரண்டு காகிதங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, இப்போதைய கம்பெனி கொடுத்த பணி நியமனக் கடிதம். வெளி வருமானத்துக்குத் தடை இருக்கிறதா, அவள் உருவாக்குவதெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, யாராவது படம் வாங்க வந்தால் போடும் ஒப்பந்தம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, அவளுக்குச் சொந்தமான படத்தின் உரிமை, கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கை மாறாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் கொடுத்த உரிமை 5 ஆண்டுக்கு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ‘எல்லா உரிமையும், எப்போதைக்கும்’ என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாமல் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

படிக்க ஆசைப்பட்டால், குறைந்தது மூன்றாண்டுப் பட்டம் முடித்தவர்கள் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுகலைப் படிப்பில் சேரலாம். பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் தேர்வு, ஜனவரியில் வரும், வயது வரம்பு இல்லை. கையால் வரையும் பகுதியும் உண்டு. அகமதாபாத் என்.ஐ.டி.யின் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) தேர்வு தனி.

சரி, நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டதற்கு வருகிறேன். “நெசமாலுமே அவளுக்கு மனசு சரியில்லீங்களா?” படத்தைப் பார்த்து நானும் சொல்ல முடியாது, நீங்களும் முடிவு கட்டக் கூடாது. நகைச்சுவையாக வரைகிறாள் என்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது. ஆளைக் கேளுங்கள். கல்யாணப் பேச்சு இல்லாத ஒரு போன் போட்டு, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று மட்டும் கேளுங்கள். சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போகலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வாழ்ந்தென்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் நாள் பார்க்காமல் அன்றைக்கே கிளம்பிப் போய் உடன் இருங்கள்.

வரைகிறவளுக்கும் இரண்டு சொல்ல வேண்டும். தோழி அழுது சொன்னதை அவள் சம்மதம் இல்லாமல் கதையாக்கக் கூடாது. எந்த மாத்திரை, என்ன நோய் என்று வாசகருக்கு யோசனை சொல்லவும் கூடாது. அது டாக்டர் வேலை.

வரன் விஷயத்தில் நான் ஆலோசகன் இல்லை. சங்கடமாக இருந்தால் புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொல்லலாம், அதில் அவளுக்கும் சம்மதம் இருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்று வரைந்ததற்காக ஒரு பெண்ணை வேண்டாம் என்கிற வீட்டுக்கு அவளை அனுப்ப எனக்கு மனசு வராது. உங்களுக்கும் வராது என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கும் வசதி. நியமனக் கடிதத்தின் நகல் வேண்டும். அந்த 12 படக்கதைகளையும் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லுங்கள், பஸ்ஸில் வரும்போது நீங்கள் படித்துவிடலாம்.