மே அரசியும் பனித்துளியும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்துவருகிறேன். ஏப்ரல் 30 இரவு, இங்குள்ள கால்ட்டன் குன்றில், கோடையை வரவேற்க நடந்த பெல்ட்டேன் தீ விழாவுக்குத் தனியாகச் சென்றேன். சுற்றிலும் காதலர்கள். தன்னைத் தானே நேசிப்பதையும் கொண்டாடும் விழா இது என்று உடன் படிக்கும் தோழி சொன்னாள். துணையில்லாதவர்களைத் தேற்றுவதற்காகச் சொல்லப்படுவதா இது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பழமையில் தேடினால் உங்கள் தோழியின் கூற்றுக்குச் சான்று கிடைப்பது கடினம். காதலுக்கே அங்கே பெரிய இடமில்லை. ஏறத்தாழ 900-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கோர்மக்கின் ஐரிஷ் சொற்களஞ்சியம், பெல்ட்டேன் நாளில் இரண்டு தீ மூட்டி, நோய் அண்டாதிருக்க அவற்றின் நடுவே மாடுகளை ஓட்டியதாகத்தான் சொல்கிறது. கிறித்தவத்துக்கு முந்தைய வழிபாடுகளை மீட்டெடுக்க முயலும் இன்றைய பேகன் நெறியினர் மணமக்களின் கைகளைக் கயிற்றால் பிணைக்கும் சடங்கை இந்த நாளில் விரும்பி நடத்துகிறார்கள். பழைய ஸ்காட்லாந்திலோ மே மாதத் திருமணம் ஆகாது என்பதே நம்பிக்கை. 1567 மே 15 அன்று பாத்வெல் பிரபுவை மணந்த ஸ்காட்லாந்து அரசி மேரி, சரியாக ஒரு மாதத்தில் எதிரிகளிடம் பிடிபட்டார்.

நீங்கள் பார்த்த விழா 1988-இல் தொடங்கியது. புதியது என்பதால் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதில் நடிக்கப்படும் கதையைக் கவனித்தீர்களா? வசந்தத்தின் உருவான மே அரசியைத் தொடர்ந்து வரும் பசுமை மனிதன், ஆசை மேலிட்டு அவளைத் தொடப்போகிறான். அவளுடைய தோழியர் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். அவனுடைய குளிர்காலக் கோலம் களையப்பட்டு, அவள் தன் விருப்பத்தால் உயிர் கொடுத்த பிறகுதான் அவன் அவளுக்கு இணையாகிறான். 'தன்னை நேசித்தல்' என்ற தொடர் குளியல் உப்பும் மெழுகுவத்தியும் விற்றுத் தேய்ந்துவிட்டதால், எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை இல்லை. ஆனால் இந்தக் கதையில், தன் உடலுக்குத் தானே உரியவள் என்று ஒருத்தி நின்ற பின்னரே காதல் தொடங்குகிறது. துணையோடு வந்தவர்களுக்கும் அன்று காட்டப்பட்டது இந்தக் கதைதான்; உங்களுக்காக ஒதுக்கிவைத்த ஆறுதல் அல்ல.

உண்மையிலேயே பழைய வழக்கம் ஒன்றும் உண்டு. லண்டனைச் சேர்ந்த சாமுவேல் பீப்ஸ் 1667 மே 28 அன்று எழுதிய நாட்குறிப்பில், மறுநாள் விடியலில் மே மாதப் பனித்துளி சேகரிப்பதற்காகத் தன் மனைவி லண்டனை அடுத்த வுலிச்சுக்குச் சென்று இரவு தங்குவதைக் குறிப்பிடுகிறார். முகம் கழுவ உலகில் அதற்கு ஈடில்லை என்று, தெரிந்த பெண்மணி ஒருவர் அந்த மனைவிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாராம். கணவர் வீட்டில் இருக்க, தன் முகத்துக்காக மட்டும் புல்லின்மேல் குனியப் போன அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். உங்கள் தோழி சொல்வதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு அவர்தான்.

எடின்பரோவிலும் மே முதல் நாள் விடியலில் ஆர்தர்ஸ் சீட் மலையில் ஏறிப் பனியில் முகம் கழுவும் வழக்கம் உண்டு. அடுத்த ஆண்டு விழா முடிந்தபின் ஓரிரு மணி நேரம் உறங்கிவிட்டு, தோழியையும் எழுப்பிக்கொண்டு அங்கே போங்கள். நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். முகத்துக்கு முன்னால் கால்கள் நனைந்துவிடும்.